ஈறு வளருமா?

வளரும். நான் பார்த்திருக்கிறேன். எங்க பெரியம்மா மகள் அக்கா சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொள்ளும். ஈறு தடித்து முன்பல்லைப் பாதி மூடிவிட்டது. பல் தேய்த்தால் ரத்தம் வரும். உடம்புச் சூடு என்றார்கள். சூடு இல்லை. வலிப்புக்காக அக்கா சாப்பிடும் பினிட்டாயின் மாத்திரைதான் காரணம். வலிப்புக்கு இந்த மருந்து வந்தது 1938-ல். ஈறு வளர்வதை 1939-லேயே எழுதிவிட்டார்களாம்! சாப்பிடுகிற எல்லோருக்கும் வராது. பல்லில் அழுக்கு தங்கினால் அதிகமாகும்.

இதைக் கேட்டதும் அக்கா யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்திடுச்சு. நாலாம் நாள் கிணத்தடியில் வலிப்பு வந்தது. பக்கத்தில் நான் மட்டும்தான். இப்போ நினைச்சாலும் கை நடுங்குது. திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகுமாம்.

பல் டாக்டர் முதலில் பல்லைச் சுத்தம் செய்தார். அதிலேயே வீக்கம் கொஞ்சம் வற்றியது. பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, மிச்சம் வளர்ந்த சதையை மட்டும் வெட்டிச் சீராக்கினார். புண்மேல் மாவு மாதிரி ஒரு மருந்தை அப்பி, ஒரு வாரம் கழித்து எடுத்தார்.

அதே மாத்திரை என்றால் ஈறு மறுபடி வளரலாம். அதனால் வலிப்பு டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாத்திரைக்கு மாற்றுகிறார். ராத்திரி பல் தேய்க்கக் கூப்பிடுவது என் வேலை. திருவிழாவில் எடுத்த போட்டோவில் அக்காவின் இரண்டு கையும் மடியில்தான் இருக்கு.