ஒரு ரயில் டிக்கெட்டில் பதினைந்து லட்சம் வருஷம்

கடம்பத்தூரிலிருந்து சென்னைப் பட்டணத்துக்குப் போகாத குடும்பம் கிடையாது. கல்யாண ஜவுளிக்குப் போகிறோம். கண் டாக்டரைப் பார்க்கப் போகிறோம். ஒன்றுவிட்ட அத்தையின் பேத்திக்குக் காது குத்தல் என்றால் அதற்கும் போகிறோம். ஆனால், "மியூசியம் பார்க்கப் போகிறோம்" என்று சொல்லி மின்சார ரயில் ஏறுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பழைய சென்னைவாசிகள் மிருகக்காட்சி சாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும், எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் சொல்வார்கள். லீவு நாளில் செத்த காலேஜுக்கு யார் போவார்கள்?

அவசியம் போக வேண்டும் என்பது நம் கட்சி. ஏனென்றால், நம் பக்கத்துச் சொத்தே அங்கேதான் இருக்கிறது!

ஆலங்காட்டு நடராஜர்

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-ல் பிறந்தது. அதைப் பேணி வளர்த்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். உயிருள்ள பிராணிகளைக் காட்டினால்தான் கூட்டம் வரும் என்று கண்டுகொண்ட அவர், மியூசியத்திலேயே மிருகங்களையும் வைத்துப் பராமரித்தார். ஆக, 'உயிரும்' 'செத்ததும்' ஒரு காலத்தில் ஒரே வீட்டில்தான் குடியிருந்தன! 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்கள் சேர வழி பிறந்ததற்குத் துணை நின்றவரும் இதே பால்ஃபர்தான். அந்த நன்றிக்காகவே பெண்கள் ஒரு தடவை போய் வரலாம்.

அங்கே வெண்கலச் சிலைகளின் கூடத்துக்கு முதலில் போங்கள். சோழர் காலத்துத் திருவாலங்காட்டு நடராஜர் நிற்கிறார். கடம்பத்தூரில் அரக்கோணம் ரயில் ஏறினால் சில ஸ்டேஷன்களில் வருகிற அதே திருவாலங்காடு. காலால் மிதிக்கக் கூடாத தலம் என்று காரைக்கால் அம்மையார் தலையாலே நடந்து வந்தார் என்பார்களே, அந்த ஊர். இந்தச் சிலையைச் சுற்றித் திருவாசி இல்லை. ஆனாலும் அந்த ஆட்டத்துக்கு என்ன குறை? பிரான்ஸ் தேசத்துச் சிற்பி ரோடின் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னை மியூசியத்து நடராஜர்களின் புகைப்படங்களைப் பார்த்தே மனம் பறிகொடுத்து, 1913-ல் ஒரு கட்டுரை எழுதினார். பாரிஸில் இருந்தவர் படத்தைப் பார்த்து உருகினார். பக்கத்து ஊரில் இருக்கும் நாம் நேரில் பார்க்கவில்லை என்றால் நியாயமா?

அம்மிக்கும் முந்திய கல்

அடுத்தது கற்காலப் பகுதி. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் நிபுணர் 1863-ல் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே வருஷம் நம் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கண்டார். அவர் சேகரித்த கருவிகளைப் பிற்பாடு மியூசியம் வாங்கிக்கொண்டது. பார்ப்பதற்கு ஓடையோரத்துக் கல்போல இருக்கும். அதன் விளிம்பை மட்டும் கவனியுங்கள்: ஒரு கை தட்டித் தட்டிக் கூராக்கியது தெரியும்.

அத்திரம்பாக்கத்தில் மறுபடி அகழ்ந்து ஆராய்ந்த குழுவின் தலைவர் ஒரு பெண்மணி, சாந்தி பப்பு. அங்கே கருவி செய்தவர்கள் சுமார் பதினைந்து லட்சம் வருஷங்களுக்கு முன்பு வாழ்ந்தவர்கள் என்று 2011-ல் அந்தக் குழு வெளியிட்டது. பட்டணம் போக முடியாதவர்களுக்குப் பூண்டியிலேயே இந்தக் கருவிகளுக்கென்று ஒரு சிறிய காட்சிக்கூடம் உண்டு. அணைக்கட்டு பார்க்கப் போகிறவர்கள் கட்டுச்சோற்றை அவிழ்ப்பதற்கு முன் அங்கே எட்டிப் பார்க்கலாம்.

மற்ற இடங்கள்

கோட்டை மியூசியத்தில் 1947 ஆகஸ்டு 15 விடியற்காலையில் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடி இருக்கிறது. குழந்தைகளை அதன் எதிரில் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள்; பாடப் புத்தகத்தின் ஒரு பக்கம் உயிர் பெற்றுவிடும்.

கடற்கரையில் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. 1897-ல் விவேகானந்தர் தங்கியது. இதெல்லாம் பலருக்கும் தெரியும். இளம் விதவைகள் அங்கே தங்கிப் படித்ததுதான் அதிகம் பேசப்படாத சங்கதி. நடத்தியவர் சகோதரி சுப்புலட்சுமி. சிறு வயதிலேயே கணவனை இழந்து, 1911-ல் பி.ஏ. பட்டம் பெற்றவர். மூலையில் உட்கார வேண்டும் என்று ஊர் தீர்மானித்த பெண்கள் புத்தகமும் கையுமாக ஏறி இறங்கிய வீடு அது. இன்று நம் பெண்கள் காலை ரயிலில் காலேஜுக்குப் போவதற்கும் அந்தப் படிக்கட்டுக்கும் சம்பந்தம் உண்டு.

நாள் முழுவதும் செலவிட முடிந்தால் முட்டுக்காடு தட்சிணசித்ரா. தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக்கொண்டு வந்து அப்படியே கட்டியிருக்கிறார்கள். முற்றம், திண்ணை, தூண் எல்லாம் பார்த்துவிட்டு, "எங்கள் பாட்டி வீடு இப்படித்தான் இருந்தது" என்று சொல்லாமல் திரும்பும் மாமிகள் இருக்க முடியாது.

சில யோசனைகள்

வெள்ளிக்கிழமை புறப்படாதீர்கள், எழும்பூரும் கோட்டையும் அன்று விடுமுறை. தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட ஆசைப்பட்டால் கால்தான் வலிக்கும். ஒரு நாளைக்கு ஒரு மியூசியம் போதும். உள்ளே போனதும் ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, திரும்பி வரும்போது ரயிலில் அதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்குள் ஒரு பந்தயம் வையுங்கள். திருநின்றவூர் தாண்டுவதற்குள் சின்னப் பையன் ஜெயித்துவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள்!