ஓர் இரவை ஒன்றரை நிமிடத்தில் காண்பது



அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன் தன் கைபேசியில் ஒரு படத்தைக் கொணர்ந்து காட்டினான். நார்வே நாட்டுப் பனிவெளி. அதன்மேல் பச்சைத் திரைச்சீலை காற்றில் ஆடுவதுபோல் வானமெங்கும் ஓர் ஒளி நெளிந்தோடியது. "தாத்தா, இதை நம் திட்டக்குடியில் படம் பிடிக்கலாமா?" என்று கேட்டான். முடியாது என்று ஒரே சொல்லில் அனுப்பிவிடலாம். பள்ளிக்கூடத்தில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு அப்படி அனுப்ப மனம் வருவதில்லை.

அவன் கண்டது வடதுருவ ஒளி. கதிரவனிடமிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் ஓயாமல் வீசுகின்றன. பூமியின் காந்தப் புலம் அவற்றைத் தடுத்துத் திருப்புகின்றது. ஆயினும் அந்தத் தாக்குதலால் புலம் கலங்கும்போது, துகள்கள் துருவங்களை அடுத்த வளிமண்டலத்தில் பாய்ந்து காற்றின் அணுக்களை ஒளிரச் செய்கின்றன. நமது ஊரோ காந்த நடுக்கோட்டுக்கு அணித்தே இருப்பது. அந்தக் கோடு திருநெல்வேலிப் பக்கமாகச் செல்கின்றது. ஆகவே நம் வானில் பச்சைத் திரை ஆடாது.

ஆனால் இந்தியாவுக்கே அந்த ஒளி எட்டாதென்று எண்ணிவிடாதீர்கள். 2024 மே 10ஆம் நாள் இரவு, 2003க்குப் பின் காணாத கடுங் காந்தப் புயல் ஒன்று பூமியைத் தாக்கியது. லடாக்கில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லே வானாய்வகத்தின் முழுவானக் கேமரா அன்று அடிவானத்தை ஒட்டிச் செந்நிற ஒளியைப் பதிவு செய்தது. அந்தக் கேமரா துருவ ஒளிக்காக வைத்ததன்று. இரவுதோறும் வானத்தின் நிலையைக் குறிப்பதற்கு வைத்தது. ஒன்றும் நிகழாத பல நூறு இரவுகளை எடுத்துவந்த கருவிக்கே அந்த ஓர் இரவும் கிட்டியது.

நார்வேயில் பச்சை, ஹான்லேயில் சிவப்பு, இஃது ஏன்? ஆக்சிஜன் அணு பச்சையொளியை உமிழ ஒரு விநாடிகூட வேண்டுவதில்லை. செவ்வொளியை உமிழவோ ஏறக்குறைய 2 நிமிடம் வேண்டும். அடர்ந்த காற்றில் அதற்குள் வேறோர் அணுவோடு மோதித் தன் ஆற்றலை இழந்துவிடும். 200 கிலோமீட்டருக்கு மேலே, காற்று மிக மெலிந்த இடத்தில்தான் அதற்கு அவ்வளவு அவகாசம் கிடைக்கின்றது. எனவே பச்சை கீழே, சிவப்பு மேலே. ஏரிக் கரைக்கு அப்பாலுள்ள பனைமரத்தின் அடி நமக்குத் தெரியாது, தலை மட்டும் தெரியுமன்றோ? அதுபோல, தொலைவிலுள்ள ஹான்லேக்குப் பூமியின் வளைவு பச்சையை மறைத்துச் சிவப்பை மட்டும் காட்டியது.

இனிப் படம் பிடிக்கும் முறைக்கு வருவோம். இதனை டைம்-லேப்ஸ் என்பர். கேமராவை முக்காலியில் அசையாது நிறுத்தி, 10 விநாடிக்கு ஒரு படமாக 6 மணி நேரம் எடுத்தால் 2,160 படங்கள் சேரும். அவற்றை விநாடிக்கு 24 வீதம் ஓட்டினால் ஓர் இரவு 90 விநாடியில் முடிந்துவிடும். அதாவது, வானத்தை 240 மடங்கு விரைவுபடுத்துகின்றோம். சிறுவன் கண்ட நடனத்தின் வேகத்தில் பெரும்பங்கு இந்தப் பெருக்கலால் வந்ததே.

நான் இதை வெலிங்டன் ஏரிக் கரையில் செய்து பார்த்தேன். துருவ ஒளி இல்லாவிடினும் துருவ நட்சத்திரம் உண்டு. ஓர் இடத்தின் வட அட்சம் எவ்வளவோ அவ்வளவு உயரத்தில் அது நிற்கும். நமக்கு 11 பாகைக்குச் சற்று மேல். கையை நீட்டி மடக்கிய முட்டி ஒன்றைவிடச் சிறிது கூடுதல். தை அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், பழைய மாணவர் ஒருவர் தந்த கேமராவை வடக்கு நோக்கி வைத்தேன். படம் ஒன்றுக்கு 20 விநாடி ஒளி வாங்குமாறும், 30 விநாடிக்கு ஒரு படம் விழுமாறும் அமைத்தேன். 4 மணி நேரத்தில் 480 படங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் முதல் நூற்றைம்பதுக்குப் பின் எல்லாம் வெண்புகை! லென்ஸின்மேல் பனி படிந்துவிட்டது. மறுமுறை மணலை வறுத்து, இளஞ்சூடாகத் துணியில் முடிந்து லென்ஸைச் சுற்றிக் கட்டினேன். "கேமராவுக்குச் சளியா?" என்று என் மனைவி கேட்டாள். ஒத்தடம் பலித்தது, சப்தரிஷி மண்டலம் வடகிழக்கில் எழுந்து துருவனைச் சுற்றி வருவதை 20 விநாடியில் கண்டேன்.

என் தொல்லையாவது பனியோடு போயிற்று. ஹான்லேயின் பொறியாளர் டோர்ஜே அங்சுக் 2025இல் வெளியிட்ட படத்தில் விண்மீன்கள் அசையாது நிற்கின்றன, நிலம் சுழல்கின்றது. அதை எடுக்கையில் கடுங்குளிரால் பேட்டரிகள் விரைவில் தீர்ந்து அவரை அலைக்கழித்தன.

ஒன்றை மறவாதீர்கள். நம் கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. கேமரா 20 விநாடி சேமிக்கின்றது. படத்தில் செக்கச் செவேலென்று எரியும் வானம் நேரில் மங்கிய சாம்பல் நிறமாகவோ, கண்ணுக்கே புலனாகாமலோ இருக்கலாம். ஆதலால் நாள், இடம், படத்துக்கு எத்தனை விநாடி, இடைவெளி எவ்வளவு என்று படத்தின் கீழ் எழுதுங்கள். அந்தச் சிறுவன் காட்டிய படத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அதனால்தான் வானம் அவ்வாறே ஓடுமென்று அவன் நம்பினான்.

நம் நாட்டிலேயே நெடிய டைம்-லேப்ஸ் ஒன்றும் உண்டு. துருவ ஒளிக்கு மூலமான கதிரவனைக் கொடைக்கானல் ஆய்வகம் 1904 முதல் நாள்தோறும் படம் எடுத்து வருகின்றது. ஹான்லேயை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே இன்று அதனையும் நடத்துகின்றது. அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தால், ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை கதிரவனின் கரும்புள்ளிகள் பெருகுவதும் அருகுவதும் தெரியும். அவற்றை எடுக்கத் தொடங்கியவர்கள் எவரும் அந்த வரிசையை இவ்வளவு தூரம் பார்க்க உயிரோடு இல்லை. முகில் மூடிய நாட்களுக்குப் படம் இல்லை. அந்த இடங்கள் வரிசையில் வெறுமையாகவே விடப்பட்டிருக்கின்றன.