யார்க்சயர் (நாடாளுமன்றத் தொகுதி)

யார்க்சயர் என்பது 13ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1832 வரை நாடாளுமன்ற மக்களவையில் இடம்பெற்றிருந்த இங்கிலாந்துக் கவுண்டித் தொகுதி ஆகும். பரப்பளவில் மிகப் பெரிய கவுண்டியான இது, வழமையாக இரு உறுப்பினர்களைத் தெரிவு செய்தது.

வாக்குரிமை

1430ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆண்டுக்கு 40 சில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் உடையோரே வாக்களிக்கலாம். பெண்கள் வாக்களிக்கவில்லை. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரு வாக்குகள் இருந்தன. அவை வெளிப்படையாகவே அளிக்கப்பட்டன. வாக்குப்பதிவு யார்க் நகரில் மட்டுமே நடைபெற்றது. தொலைவில் வாழ்ந்த வாக்காளரின் பயண, உணவுச் செலவுகளை வேட்பாளர்களே ஏற்றனர். இப்பெருஞ்செலவுக்கு அஞ்சிப் பெரும்பாலான தேர்தல்களில் போட்டி தவிர்க்கப்பட்டது.

1807 தேர்தல்

அரை நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் 1807இல் வாக்குப்பதிவு நடைபெற்றது. அது 15 நாட்கள் நீடித்தது. அவ்வாண்டு அடிமை வணிக ஒழிப்புச் சட்டம் நிறைவேற முதன்மைக் காரணராக விளங்கிய வில்லியம் வில்பர்போர்சு 11,808 வாக்குகளும், மில்டன் பிரபு 11,177 வாக்குகளும் பெற்று வென்றனர். கரிபியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்களைக் கொண்டிருந்த குடும்பத்தைச் சேர்ந்த என்றி லாசெல்சு 10,990 வாக்குகள் பெற்றுத் தோல்வியுற்றார்.

மாற்றங்களும் கலைப்பும்

கையூட்டுக் காரணமாகக் கார்ன்வாலின் கிராம்பவுண்டு தொகுதி 1821இல் நீக்கப்பட்டு, அதன் இரு இடங்கள் யார்க்சயருக்கு வழங்கப்பட்டன. எனவே 1826 தேர்தல் முதல் நால்வர் தெரிவாயினர். 1832ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் இத்தொகுதியை வடக்கு, கிழக்கு, மேற்கு என மூன்றாகப் பிரித்தது. அதுவரை தனி உறுப்பினர் இல்லாதிருந்த லீட்சு, செபீல்டு, பிராட்போர்டு ஆகிய தொழில் நகரங்களும் தலா இரு உறுப்பினர்களைப் பெற்றன.