தாடை ஒடிந்தால் கூடும்... தலைக்குப் பட்ட அடி?

போன மாதம் ஒரு பாட்டியம்மா என் கிளினிக்குக்கு வந்தார். மூட்டு வலிக்காக வருஷக்கணக்கில் என்னிடம் மருந்து சாப்பிடுபவர். மகன் குடும்பம் ஆஸ்திரேலியாவில், சிட்னி பக்கம் இருக்கிறது. வழக்கமாக முழங்காலில்தான் பேச்சு ஆரம்பிக்கும். அன்றைக்குப் பேரனில் ஆரம்பித்தது.

“டாக்டர், பேரனுக்குப் பதிமூணு வயசு. ரக்பி லீக்குன்னு ஏதோ விளையாடுறானாம். இன்னொரு பையன் தலையோட இவன் தலை மோதிடுச்சு. ரத்தம் வரலை, வீக்கம்கூட இல்லை. ஆனா, சில வாரத்துக்கு மைதானத்துப் பக்கமே வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். ‘தலை வலிக்குதுன்னு நான் சொல்லாமலே இருந்திருக்கலாம் பாட்டி'ன்னு போன்ல அழறான். அவன் சொல்றதும் நியாயம்தானே?”

அந்தக் கடைசிக் கேள்வி என்னை விடவில்லை. எனக்கு அந்த ஆட்டத்தைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் வர்மம் படித்தவனுக்கு, அடிபட்ட உடம்பைப் பற்றிக் கேள்விப்பட்டால் சும்மா இருக்க முடியுமா? தேடிப் படித்தேன். அப்போது ஒரு மனிதரின் கதை கிடைத்தது. பாட்டிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மோதுவதே தொழில்!

ரக்பி லீக்கில் ஓர் அணிக்கு 13 பேர். 80 நிமிட ஆட்டம். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்டி மண்ணில் வைக்க வேண்டும். முன்னால் நிற்பவனுக்குப் பந்தைக் கையால் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் எறியலாம். ஆகவே முன்னேற வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒரே வழி, முட்டிக்கொண்டு போவதுதான். எதிரணி சும்மா விடுமா? இடுப்பைக் கட்டி, தோளால் இடித்து, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து சாய்ப்பார்கள். நம்ம ஊர் கபடியில் பாடி வருபவனை மடக்குகிற மாதிரிதான். ஆனால் அங்கே இரண்டு பக்கமும் ஓடி வந்து மோதுகின்றன. அதுதான் வித்தியாசம்.

இந்த 13 பேரில் 6 பேருக்கு ‘ஃபார்வர்ட்' என்று பெயர். அணியின் பார வண்டிகள் இவர்கள்தான்! இன்றைய ஃபார்வர்ட்களில் பலர் நூறு கிலோவைத் தாண்டியவர்கள். ஒரு மாட்ச்சில் முப்பது தடவை எதிரியை மடக்குவதும், பத்துத் தடவை பந்தோடு போய் முட்டுவதும் இவர்களுக்குச் சர்வ சாதாரணம்.

இந்த ஆட்டம் பிறந்த கதையே காயத்தோடும் கூலியோடும் சம்பந்தப்பட்டது. 1895-ல் வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள், விளையாடப் போனால் அன்றைய கூலி போச்சே என்று தவித்தார்கள். இழந்த கூலியைக் கொடுக்கலாமா, கூடாதா என்ற தகராறில்தான் பழைய ரக்பியிலிருந்து பிரிந்து இந்த ஆட்டம் உண்டானது. சிட்னியில் 1907-ல் இது வேர் பிடித்தபோதும் அதே கதைதான். அலெக் பர்டன் என்ற முடிதிருத்தும் தொழில் செய்த வீரர், ஆட்டத்தில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். நஷ்ட ஈடு கிடைக்கவில்லை. அந்தக் கோபமும் ஒரு காரணம்.

ஆக, ‘அடிபட்டவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?' என்ற கேள்வியோடு பிறந்த ஆட்டம் இது. அப்படிப்பட்ட ஆட்டத்தில், அடிபட்டதை வெளியே சொல்லாதவனே வீரன் என்ற எண்ணம் எப்படி வந்தது?

1970, செப்டம்பர் 19

ஜான் சாட்லர் 1942-ல் பிறந்தவர். ஊர், நியூ சவுத் வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த குர்ரி குர்ரி. 1963-ல் சிட்னியின் ‘சவுத் சிட்னி' அணிக்கு வந்தார். ‘ப்ராப்' என்ற முன்வரிசை இடம். மோதல்களிலேயே கடுமையான மோதல் அந்த இடத்தில்தான். மைதானத்துக்கு வெளியே மரியாதையான மனிதர். உள்ளே இறங்கினால் முரடர். நடுவரால் வெளியேற்றப்பட்ட தடவைகள் பல. அதனால் ‘ஜென்டில்மேன் ஜான்' என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். அவர் கேப்டனாக இருந்தபோது 1967, 1968, 1970, 1971 என்று நான்கு முறை அணி கோப்பையை வென்றது.

இதில் 1970 இறுதிப் போட்டிதான் இன்றுவரை பேசப்படுகிறது. சிட்னி கிரிக்கெட் மைதானம். எதிரே ‘மேன்லி' அணி. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எதிரணி வீரர் ஒருவர் விட்ட குத்து சாட்லரின் தாடையில் இறங்கியது. தாடை எலும்பு முறிந்தது. ஒரே இடத்தில் அல்ல, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில்!

அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்தில் இருந்த சக வீரரிடம், தன்னைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அடிபட்டது எதிரிக்குத் தெரியக் கூடாதாம்! அதே தாடையோடு இன்னும் எழுபது நிமிஷம் ஆடினார். இடைவேளையில் சக வீரர்களுக்கு விஷயம் தெரிந்த பிறகும் வெளியே போக மறுத்துவிட்டார். சவுத் சிட்னி 23-12 என்று ஜெயித்தது. கோப்பையை வாங்கிக்கொண்டு, உடைந்த தாடையோடு மேடையில் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

படிக்கும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அந்த நெஞ்சுரத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு விலையும் உண்டு. அந்த ஆண்டு இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பைக்கு அவரால் போக முடியவில்லை.

எலும்பு வேறு, மூளை வேறு

வைத்தியனாக எனக்கு அடுத்துத் தோன்றியது இதுதான்: அன்றைக்கு எல்லோரும் பார்த்தது தாடையை. தாடைக்கு மேலே இருந்ததை யார் பார்த்தார்கள்?

தாடை எலும்பு ஒடிந்தால் கம்பி கட்டி அசையாமல் வைத்தால் ஏறக்குறைய ஆறு வாரத்தில் கூடிவிடும். எலும்புக்கு அந்த வரம் உண்டு. மூளைக்கு அது இல்லை. சுமார் 1,400 கிராம் எடையுள்ள, வெண்ணெய் போன்ற மிருதுவான உறுப்பு அது. நீரில் மிதந்தபடி மண்டையோட்டுக்குள் இருக்கிறது. தலை வேகமாகப் போய்ச் சட்டென்று நிற்கும்போது, செம்பில் இருக்கிற தண்ணீர் அலம்புகிற மாதிரி மூளை உள்ளே அலம்புகிறது. நரம்பு இழைகள் இழுபடுகின்றன. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் ‘நார்மல்' என்றே வரும். மயக்கம் போட்டு விழ வேண்டும் என்பதுகூட இல்லை. இப்படி அடிபடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே இல்லை. இதைத்தான் ‘கன்கஷன்' என்கிறார்கள்.

சாட்லர் 2023 மார்ச்சில், 80-ஆவது வயதில் காலமானார். கடைசி வருஷங்களில் மறதி நோயால் அவதிப்பட்டார். அவருடைய மகன் ஸ்காட்டும் ரக்பி லீக் ஃபார்வர்ட்தான். 2003-ல் ‘பென்ரித்' அணி கோப்பையை வென்றபோது ஆடியவர். தந்தையின் மறதி நோயைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசினார்.

ஆட்டத்தில் பட்ட அடிதான் சாட்லரின் மறதிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. அந்த வயதில் பந்தையே தொடாதவர்களுக்கும் மறதி வருகிறதே! ஆனால் இன்னொரு ஃபார்வர்டின் கதையைக் கேளுங்கள்.

245 மாட்ச்... பிறகு?

ஸ்டீவ் ஃபோக்ஸ். சிட்னியின் ‘கேன்டர்பரி' அணிக்காக 1978 முதல் 1991 வரை 245 மாட்ச் ஆடியவர். கட்டுமஸ்தான உடம்பு. பிறகு அதே அணிக்குப் பயிற்சியாளராகி 2004-ல் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2018-ல், 59 வயதில், மாரடைப்பால் இறந்துபோனார். குடும்பத்தார் அவருடைய மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள்.

2019-ல் முடிவு வெளியானது. ‘சி.டி.இ.' என்ற மூளைத் தேய்வு நோய் அவருக்கு இருந்தது. ‘டா' என்ற புரதம் மூளையின் மடிப்புகளில் கசடாகப் படிந்து நரம்பணுக்களைக் கெடுக்கும் நோய். ஆஸ்திரேலிய ரக்பி லீக் வீரர்களில் முதன்முதலாக இந்த நோய் உறுதி செய்யப்பட்ட இருவரில் அவர் ஒருவர். உயிரோடு இருக்கும்போது இதை உறுதியாகக் கண்டுபிடிக்க இன்னும் வழியில்லை. இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு மனக்கணக்குப் போடுவோம். ஒரு மாட்ச்சுக்கு நாற்பது மோதல் என்றால், 245 மாட்ச்சுக்கு 9,800! பெரிய அடி ஒன்றிரண்டு மட்டுமல்ல, இப்படி வருஷக்கணக்கில் சேருகிற சின்னச் சின்ன அதிர்ச்சிகளும் மூளையைக் கெடுக்கின்றன என்பதே ஆய்வாளர்களின் கவலை. ஆடிய எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சட்டம் மாறியது

நல்ல வேளை, ஆட்டத்தை நடத்துபவர்கள் விழித்துக்கொண்டார்கள். கையை மடக்கித் தோளால் இடிக்கும் ‘ஷோல்டர் சார்ஜ்' 2013-ல் தடை செய்யப்பட்டது. குத்து விட்டால் வெளியே அனுப்புகிறார்கள். தலையில் அடி என்று சந்தேகம் வந்தால் வீரரை 15 நிமிடம் வெளியே எடுத்துச் சோதிக்கிறார்கள். அணியின் டாக்டர் மட்டுமல்ல, வீடியோவைப் பார்த்தபடி அணிக்குச் சம்பந்தமில்லாத ஒரு டாக்டரும் உட்கார்ந்திருக்கிறார். கன்கஷன் என்று உறுதியானால் பொதுவாக 11 நாள் ஓய்வு. இது 2023-ல் வந்த விதி.

வளர்கிற மூளைக்கு ஆற இன்னும் நாள் பிடிக்கும். அதனால்தான் பாட்டியின் பேரனுக்குச் ‘சில வாரம்'!

அதாவது, இன்றைக்கு ஒரு ஜான் சாட்லர் அப்படிக் குத்து வாங்கினால், ‘தாங்கிப் பிடிச்சுக்கோ' என்று நண்பனிடம் கேட்டு மறைக்க முடியாது. கேமரா பார்த்துவிடும்!

நம்ம வர்ம ஆசான்கள் சொன்னது

சித்த மருத்துவத்தில் வர்மம் 108 என்பது கணக்கு. அதில் ‘படுவர்மம்' என்று ஆபத்தானவற்றைத் தனியே பிரித்திருக்கிறார்கள். புருவ மத்தியில் உள்ள திலர்த வர்மம் அந்த வகை. ஆசான்கள் திரும்பத் திரும்ப எச்சரித்த விஷயம் ஒன்று உண்டு. அடிபடுகிற நேரம் வேறு, அது குணம் காட்டுகிற நேரம் வேறு. எழுந்து நடக்கிறானே என்று விட்டுவிடாதே என்பார்கள். கன்கஷன் விஷயத்தில் இந்த எச்சரிக்கை அப்படியே பொருந்துகிறது.

அதற்காக, மூளை அதிர்ச்சிக்கு என்னிடம் லேகியம் இருக்கிறது என்று சொன்னால் அது பொய். தலையில் பலத்த அடி என்றால் முதலில் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. பற்றுப் போட்டுக் காத்திருப்பதும், தெரியாதவர் கையில் தலையைக் கொடுத்துத் தட்டச் சொல்வதும் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் கவனிக்க...

* தலை மோதினால் அன்றைக்கு ஆட்டம் அத்தோடு சரி. ‘இன்னும் ஒரு ஓவர்' கிடையாது.

* தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வெளிச்சம் கூசுதல், கேட்டதையே கேட்டல், காரணமில்லாத எரிச்சல், தூக்கம் மாறுதல் எல்லாம் அறிகுறிகள். மறுநாள்கூடத் தெரியலாம்.

* திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, நாக்குக் குழறல், கை கால் பலவீனம், மூக்கிலோ காதிலோ ரத்தம் அல்லது நீர் வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி!

* முதல் ஓரிரு நாள் ஓய்வு, டி.வி., செல்போன் குறைவாக. பிறகு படிப்படியாகப் பள்ளிக்கூடம். டாக்டர் சரி என்ற பிறகே விளையாட்டு. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் ஆபத்து பல மடங்கு.

* எல்லாவற்றுக்கும் மேல், ‘வலிக்குது' என்று சொல்கிற பிள்ளையைக் கோழை என்று கேலி செய்யாதீர்கள். அடுத்த தடவை சொல்ல மாட்டான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அப்ப அந்தத் தாடை உடைஞ்ச மனுஷன் செஞ்சது தப்பா டாக்டர்?”

“தப்புன்னு சொல்ல நான் யாரும்மா? அன்னைக்கு யாருக்கும் தெரியாது, அவர் தாங்கினார். இன்னைக்கு நமக்குத் தெரியும். உங்க பேரன் வாயைத் திறந்து சொன்னான் பாருங்க, அதுக்கும் தைரியம் வேணும். இன்னைக்கு ராத்திரி போன் பண்ணி, நல்ல காரியம் செஞ்சேடா கண்ணான்னு சொல்லுங்க.”

முழங்காலைப் பற்றி அன்றைக்கு அவர் பேசவே இல்லை. தைலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, சிட்னியில் இப்போது மணி என்ன என்று கேட்டபடி கிளம்பினார்.