அகழில் எரிந்தவர்கள் யார்?



தொழுகையில் நாம் அடிக்கடி ஓதக் கேட்கும் அத்தியாயங்களில் ஒன்று அல்புரூஜ். அதில் அல்லாஹு தஆலா அகழ் தோண்டியவர்களைச் சபிக்கிறான். நெருப்பை மூட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, முஃமின்களுக்குத் தாங்கள் செய்ததை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்கிறான். எரிந்தவர்கள் செய்த ஒரே குற்றம் அல்லாஹ்வை நம்பியதுதான் என்றும் கூறுகிறான். அந்த முஃமின்கள் யார் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஸஹாபாக்கள் என்றே பலர் சொல்லக்கூடும். ஆனால் அவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு முன் வாழ்ந்தவர்கள்.

ஸுஹைப் (ரலி) அறிவித்து முஸ்லிமில் பதிவாகியுள்ள நீண்ட ஹதீஸை நீங்கள் பயான்களில் கேட்டிருப்பீர்கள். ஒரு கொடுங்கோல் மன்னன், ஒரு சூனியக்காரன், ஒரு துறவி, அத்துறவியிடம் ஈமானைக் கற்ற ஒரு சிறுவன். துறவி ரம்பத்தால் அறுக்கப்பட்டார். சிறுவன் கொல்லப்பட்டான். அதைக் கண்ட மக்கள் சிறுவனின் இறைவனை நம்பினார்கள். உடனே தெருமுனைகளில் அகழ் தோண்டி நெருப்பு மூட்ட மன்னன் உத்தரவிட்டான். கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் அகழின் முன் தயங்கி நின்றாள். பொறுமையாக இருக்கும்படி அந்தக் குழந்தையே தாய்க்கு ஆறுதல் சொன்னது.

இந்த அகழ் எங்கே இருந்தது என்பதில் முஃபஸ்ஸிர்கள் பல கருத்துகள் கூறியுள்ளனர். வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் (ரஹ்) இதை நஜ்ரான் என்ற ஊருடன் இணைக்கிறார். யமனை ஆண்ட ஹிம்யர் அரசன் தூ நுவாஸ், நஜ்ரானின் கிறிஸ்தவர்களை மதம் மாறச் சொல்லி, மறுத்தவர்களை எரித்தும் வெட்டியும் கொன்றான். நடந்தது கி.பி. 523இல். நஜ்ரானுக்கு வடக்கே ஹிமா என்னுமிடத்தில் பாறைகளில் அந்த ஆண்டின் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. தூ நுவாஸின் படைத்தளபதி பொறித்தவை அவை. அந்தப் படையெடுப்பில் கொல்லப்பட்டவர்கள் 12 ஆயிரத்துக்கும் மேல் என்று அவற்றில் பெருமையோடு கணக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சிறைபிடித்தவர்களின் எண்ணிக்கையும் கவர்ந்த ஒட்டகம், ஆடு, மாடுகளின் எண்ணிக்கையும் அதே கணக்கிலேயே வருகின்றன. உட்கார்ந்து பார்த்தார்கள் என்று குர்ஆன் சொல்வதன் பொருள் அந்தப் பாறைகளைப் பற்றிப் படிக்கும்போது இன்னும் விளங்குகிறது.

தூ நுவாஸ் யூத மார்க்கத்தைத் தழுவியவன். இதைச் சொன்னவுடன் சிலருக்கு யூதர்களை ஏசுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. சற்று நிதானியுங்கள். குர்ஆன் அந்த மன்னனின் பெயரையும் சொல்லவில்லை, மதத்தையும் சொல்லவில்லை. அவன் செய்த செயலை மட்டுமே சொல்லிற்று.

மேலும், அந்த யூதர்களும் இதே துன்பத்தை அனுபவித்தவர்களே. கி.மு. 167 வாக்கில் கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கஸ், கத்னா செய்வதையும் சனிக்கிழமை பேணுவதையும் மரண தண்டனைக்குரிய குற்றமாக்கினான். கிறிஸ்தவர்கள் மீது ரோமப் பேரரசு பாய்ந்த விதம் வேறு. பேரரசர் டீசியஸ் கி.பி. 250 வாக்கில் அனைவரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலி கொடுத்து, அதிகாரிகளிடம் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டார். யூதர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் எகிப்தின் மணலிலிருந்து கிடைத்துள்ளன. உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று அரசு கேட்கவில்லை. கொஞ்சம் மதுவை ஊற்றி, பலியிட்டதை ருசித்து, ஒரு கையொப்பம் வாங்கிக்கொண்டால் போதும். பலர் அதையும் மறுத்து உயிர் விட்டார்கள். சிலர் லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். வாங்கியவர்களை மீண்டும் சேர்ப்பதா என்று திருச்சபைக்குள் பெரும் பிணக்கு ஏற்பட்டது. நிர்ப்பந்தத்தில் நாவால் சொல்லிவிட்டு உள்ளத்தில் ஈமானோடு இருந்த அம்மார் (ரலி) அவர்களுக்கு அல்லாஹ் காட்டிய சலுகையின் அருமை இங்கே புரியும்.

நஜ்ரானின் செய்தி கடல் கடந்து ஹபஷாவுக்குப் போயிற்று. அதன் கிறிஸ்தவ மன்னர் காலேப் கி.பி. 525இல் படையெடுத்துத் தூ நுவாஸை வீழ்த்தினார். பின்னர் 615இல் மக்காவின் அநியாயத்திலிருந்து தப்பிய நம் ஸஹாபாக்களுக்கு அடைக்கலம் தந்ததும் இதே ஹபஷாதான். ஆனால் காலேபின் படையால் யமனில் அமைந்த ஹபஷிகளின் ஆட்சியில் அதிகாரத்தைப் பிடித்த அப்ரஹா யார் தெரியுமா? கஃபாவை இடிக்க யானையோடு வந்தவன். அநியாயத்தை ஒழிக்க வந்தவர்களின் வாளும் அநியாயத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது.

ஸ்பெயினில் இதை மிக வேகமாகப் பார்க்கிறோம். 1492இல் யூதர்கள் ஞானஸ்நானம் பெற வேண்டும் அல்லது நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆணை பிறந்தது. வெளியேறியவர்களில் பலரை உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் தம் நாட்டில் குடியேற்றினார். பத்தே ஆண்டுகளில், 1502இல், காஸ்டிலின் முஸ்லிம்களுக்கும் அதே நிபந்தனை விதிக்கப்பட்டது. மார்க்கச் சுதந்திரம் தருவதாக 1491இல் கிரனாடாவில் எழுதிக் கொடுத்த உடன்படிக்கை காற்றில் பறந்தது.

இவ்வளவும் பிறர் செய்தவை என்று நிறுத்திக்கொள்ள முடியாது. 1009இல் ஜெரூசலத்தின் கல்லறைத் தேவாலயத்தை இடிக்கச் சொன்னவர் எகிப்தின் கலீஃபா ஹாகிம். அவர் ஃபாத்திமி, நமக்கென்ன என்று சிலர் தட்டிக்கழிப்பார்கள். அப்படியானால் முவஹ்ஹிதூன்களை என்ன சொல்வது? 1148இல் குர்துபாவைப் பிடித்த அவர்கள், யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் இஸ்லாத்தை ஏற்க நிர்ப்பந்தித்தார்கள். அறிஞர் மூஸா இப்னு மைமூனின் யூதக் குடும்பம் அங்கிருந்துதான் வெளியேறியது. அவர் பின்னர் எகிப்தில், ஸலாஹுத்தீன் அய்யூபியின் ஆட்சியில் மருத்துவராகப் புகழ்பெற்றார்.

மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்ற வசனம் யாருக்காக இறங்கியது? பனூநழீர் யூதர்கள் மதீனாவிலிருந்து வெளியேறியபோது, அவர்களிடம் வளர்ந்து யூதர்களாகிவிட்ட அன்ஸாரிகளின் பிள்ளைகளும் அவர்களோடு இருந்தார்கள். பெற்ற பிள்ளைகளை விடமாட்டோம் என்றார்கள் அன்ஸாரிகள். அப்போது இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) கூறுவது அபூதாவூதில் உள்ளது. பெற்றவருக்கே இல்லாத உரிமை அரசனுக்கு எப்படி வரும்?

அகழ் நடந்து நூறாண்டுக்குப் பின், அதே நஜ்ரானின் கிறிஸ்தவர்கள் அறுபது பேர் மதீனாவுக்கு வந்தார்கள். அவர்களுடைய தொழுகை நேரம் வந்தபோது மஸ்ஜிதுந் நபவியிலேயே கிழக்கு நோக்கித் தொழுதார்கள் என்றும், நபி (ஸல்) அவர்கள் தடுக்க வேண்டாம் என்றார்கள் என்றும் இப்னு இஸ்ஹாக் குறிப்பிடுகிறார். ஈஸா (அலை) அவர்களைப் பற்றிக் கடும் விவாதம் நடந்தது. முபாஹலாவுக்கு அழைத்த வசனமும் இறங்கிற்று. அவர்கள் இணங்கவில்லை, இஸ்லாத்தையும் ஏற்கவில்லை. ஆண்டுக்கு 2,000 ஆடைகள் கொடுப்பதாக உடன்படிக்கை எழுதப்பட்டது. அவர்களின் ஆலயமும் நிலமும் பாதுகாக்கப்படும், பாதிரியோ துறவியோ தம் பொறுப்பிலிருந்து அகற்றப்பட மாட்டார் என்பதும் அதில் இருந்தது. புறப்படும் முன், எங்களோடு நம்பிக்கையான ஒருவரை அனுப்புங்கள் என்று கேட்டார்கள். நபியவர்கள் அபூஉபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி) அவர்களை எழுந்திருக்கச் சொல்லி, இவர்தாம் இந்தச் சமுதாயத்தின் அமீன் என்று கூறி அவர்களுடன் அனுப்பிவைத்தார்கள்.