காலி டிரம்மும் கடைசி அரை அங்குலமும்

மலேசியாவின் கெடாவில், சிடாம் கிரி, பாடாங் செராய் பக்கத்தில் இரும்புக் குழாயில் கேட் செய்து கொடுக்கும் பட்டறைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கம். குழாயின் முனையில் தகடு வைத்துச் சுற்றி வெல்டிங் அடித்துக்கொண்டு வரும்போது எல்லாம் ஒழுங்காகவே போகும். கடைசி அரை அங்குலத்தில் உருகிய இரும்பு 'புஸ்' என்று வெளியே துப்பும், ஓட்டை விழும். அதை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று. குறை ராடிலும் இல்லை, ஆம்பியரிலும் இல்லை. உள்ளே சூடேறிய காற்று வெளியேற இருந்த ஒரே வழியை அடைக்கப் பார்த்தால் அது சும்மா இருக்குமா?

விவரம் தெரிந்தவர்கள் கண்ணில் படாத இடத்தில் மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்றை முதலிலேயே போட்டுவிட்டு, ஆறிய பிறகு அதை அடைப்பார்கள்.

துளை இல்லாவிட்டால் என்ன ஆகும்? 200 லிட்டர் டிரம் ஒன்றை இறுக மூடி, உள்ளே 27 டிகிரியில் இருக்கும் காற்றை 327 டிகிரிக்குச் சூடாக்கினால் அழுத்தம் இரட்டிப்பாகும். கெல்வின் கணக்கில் அது 300-லிருந்து 600. டிரம்மின் அடித்தகடு ஏறக்குறைய 57 சென்டிமீட்டர் விட்டம். அதை உள்ளிருந்து கூடுதலாகத் தள்ளும் விசை சுமார் 2.6 டன் எடைக்குச் சமம். உள்ளே கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு லிட்டர் தண்ணீர் திறந்த வெளியில் ஆவியானால் 1,700 லிட்டர் இடம் கேட்கும்.

இதெல்லாம் வெறும் காற்றுக்கும் நீராவிக்கும்தான். 'அப்படியானால் துளை போட்டால் போதுமே' என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. தோட்டத்து டீசல் டிரம்மைக் 'காலி' என்பார்கள். ஆனால் அடிமடிப்பில் ஓரிரு கரண்டி எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும். டீசல் வெயிலில் எளிதில் தீப்பிடிக்காது என்ற துணிச்சலில் நெருப்பை வைத்தால், வெல்டிங் சூடே அதை ஆவியாக்கிவிடும். நிறைந்த டிரம்மில் ஆவிக்கு இடம் குறைவு. காலி டிரம்மிலோ முழுக்க ஆவிக்கான இடம்தான். பெட்ரோல் டிரம் என்றால், காற்றில் அதன் ஆவி 1.4 விழுக்காடு இருந்தாலே பற்றிக்கொள்ளும். பற்றினால் அழுத்தம் ஏறும் வேகத்துக்கு மூடித் திருகின் சின்ன வாய் ஈடுகொடுக்காது.

சென்னைத் தண்டையார்பேட்டையில் இந்தியன் ஆயில் வளாகத்தில் 2023 டிசம்பர் 27 அன்று எத்தனால் தொட்டி வெடித்து ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் இறந்தார். அங்கும் வெல்டிங் வேலைதான் நடந்துகொண்டிருந்தது.

எண்ணெயே இல்லாத தொட்டியும் வெடிக்கும். அமெரிக்காவின் டோமஹாக் நகரக் காகித ஆலையில் 2008 ஜூலை 29 அன்று, நார்க்கழிவுத் தண்ணீர் நின்ற தொட்டியின் மேல் வெல்டிங் செய்த மூவர் இறந்தார்கள். உள்ளே பாக்டீரியாக்கள் ஹைட்ரஜனை உண்டாக்கியிருந்தன. கெடாவில் செம்பனை ஆலைகளில் வேலை செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆலைக் கழிவுநீர் காற்றில்லாமல் புளிக்கும் இடத்தில் மீத்தேன் சேரும். அது காற்றில் 5 விழுக்காடு இருந்தாலே வெடிக்கும்.

ஆகவே டிரம்மை முதலில் சோப்புக் கலந்த சுடுநீராலோ நீராவியாலோ கழுவ வேண்டும். பிறகு வெல்டிங் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, திருகைத் திறந்தே வைக்க வேண்டும். பெரிய தொட்டி என்றால் வாயுமானி வைத்து அளக்காமல் கிட்டப் போகவே கூடாது. அடுப்புக்கோ குப்பைக்கோ டிரம் வேண்டுமென்றால் வெட்டி வைத்ததையே வாங்கிவிடலாம். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மில் கை வைப்பதைவிட அது மலிவு.

முதலாளி அவசரப்படுத்தினால்? 1994-ஆம் ஆண்டின் மலேசிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து என்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க எதுவும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த வேலையை விட்டு விலகி நிற்கலாம். சின்னப் பட்டறைக்கும் அது பொருந்தும்.