அலுவலகக் கூட்ட அறைகளின் பயன்பாட்டு வகைப்பாடு

அலுவலகக் கூட்ட அறைகளின் பயன்பாட்டு வகைப்பாடு என்பது, ஓர் அலுவலகக் கட்டடத்தினுள் உள்ள கூட்ட அறையை அலுவலகத்தின் பகுதியாகக் கொள்வதா, பலர் கூடும் மன்றமாகக் கொள்வதா என்பதைக் கட்டட விதிகளின்படி முடிவு செய்யும் முறையாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதற்குப் பரவலாகப் பின்பற்றப்படுவது பன்னாட்டுக் கட்டட விதித்தொகுப்பு. இதன் முதற்பதிப்பு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாநிலங்களும் நகரங்களும் இதில் தமக்கேற்ற திருத்தங்களைச் செய்துகொள்வதுண்டு. பெயரில் 'பன்னாட்டு' என்றிருந்தாலும் இது பெரிதும் அமெரிக்க விதியே.

பிரிவுகள்

இத்தொகுப்பு கட்டடங்களை அவற்றின் பயன்பாட்டைக் கொண்டு பிரிக்கிறது. அலுவலகங்கள் 'பி' பிரிவில் அடங்கும். திரையரங்கு, உணவகம், வழிபாட்டிடம், விரிவுரை மண்டபம் முதலிய பலர் கூடும் இடங்கள் 'ஏ' பிரிவில் அடங்கும். அலுவலகத்தின் பெரிய கூட்ட அறை 'ஏ' பிரிவுக்குச் சென்றால், அதன் உட்பிரிவு பொதுவாக 'ஏ-3' ஆகும்.

பலர் கூடும் இடங்களுக்குக் கடுமையான விதிகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1903 டிசம்பர் 30 அன்று சிக்காகோவின் இரோக்குவா திரையரங்கில் ஏற்பட்ட தீயில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டனின் கோக்கனட் குரோவ் கேளிக்கை விடுதியில் 492 பேர் இறந்தனர். அங்கு முதன்மை வாயிலின் சுழல்கதவு கூட்ட நெரிசலில் அடைபட்டது. வேறு சில கதவுகள் பூட்டியிருந்தன அல்லது உட்புறமாகத் திறப்பவையாக இருந்தன. உட்புறமாகத் திறக்கும் கதவின்மேல் கூட்டம் நெருக்கினால், அதை யாராலும் இழுத்துத் திறக்க முடியாது.

ஐம்பது என்னும் எல்லை

அலுவலகத்துக்குத் துணையாக உள்ள கூட்ட அறை, பின்வரும் இரண்டில் ஒன்று பொருந்தினாலும் 'பி' பிரிவிலேயே இருக்கலாம்: அறைக்குரிய ஆள் எண்ணிக்கை 50க்குக் குறைவாக இருத்தல், அல்லது அறையின் பரப்பு 750 சதுர அடிக்குக் குறைவாக இருத்தல். இங்கு 'துணையாக' என்பது முக்கியமான சொல். அலுவலகப் பணிக்காகப் பயன்படும் அறையே துணை அறை. வெளியாருக்கு விழா நடத்த வாடகைக்கு விடுவதற்கென்றே அமைந்த மண்டபம் அவ்வாறாகாது.

ஆள் எண்ணிக்கை என்பது வழக்கமாக வருவோரின் எண்ணிக்கை அன்று. அறையின் பரப்பை, ஒருவருக்கென விதி குறிக்கும் இடத்தால் வகுத்துப் பெறுவது. மேசை நாற்காலி போட்ட அறையில் ஒருவருக்கு 15 சதுர அடி. நாற்காலிகளை மட்டும் வரிசையாகப் போட்டால் 7. நிற்கும் கூட்டத்துக்கு 5. 720 சதுர அடி அறையை எடுத்துக்கொள்வோம். மேசைகளுடன் 48 பேர். மேசைகளை அகற்றி நாற்காலி வரிசைகள் போட்டால் 103 பேர். நின்றால் 144 பேர். சுவர் ஓர் அங்குலமும் நகரவில்லை. மாறியவை மேசை நாற்காலிகள் மட்டுமே. 750ஐ 15ஆல் வகுத்தால் 50 வருவதையும் மாணவர்கள் கவனிக்கலாம்.

அடிக்கடி நேரும் பிழை

இந்த 720 சதுர அடி அறை 750க்குக் குறைவானது. ஆகவே, நாற்காலி வரிசைகளுடன் 103 பேருக்குரியதானாலும் அது 'பி' பிரிவிலேயே நிற்கும். இதைக் கொண்டு ஒரே கதவு போதும் என்று முடிவு செய்வது தவறு. வகைப்பாடு வேறு, வெளியேறும் வழி பற்றிய விதி வேறு. 'ஏ', 'பி' எதுவானாலும், 49 பேருக்கு மேற்பட்ட அறைக்கு இரண்டு வெளியேறும் வழிகள் வேண்டும். 50 அல்லது அதற்கு மேற்பட்டோருக்குரிய அறையின் கீல் கதவுகள் வெளியேறும் திசையில் திறக்க வேண்டும். இரு கதவுகளும் அருகருகே இருத்தலும் கூடாது. அவற்றின் இடைவெளி அறையின் மூலைவிட்டத்தில் பாதியாவது இருக்க வேண்டும். கட்டடம் முழுவதும் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போதும். ஒரே புகை இரு கதவுகளையும் மறைத்துவிடக் கூடாது என்பதே நோக்கம்.

'ஏ-3' ஆனால்

900 சதுர அடி அறையில் மேசைகளுடனேயே 60 பேர் வருவர். இரு விலக்குகளும் பொருந்தாததால் அது 'ஏ-3' ஆகிறது. அப்போது கதவில் பூட்டோ தாழ்ப்பாளோ இருந்தால், உடலால் அழுத்தினாலே திறக்கும் குறுக்குத்தண்டும் தேவை. அனுமதிக்கப்பட்ட ஆள் எண்ணிக்கையை முதன்மை வாயிலருகே எழுதி வைக்க வேண்டும். செலவு மிக்கது மற்றொன்று: அறை, நேரே வெளியேறக்கூடிய தளத்தில் இல்லாமல் மாடியில் இருந்தால், நீர்த்தெளிப்பான் அமைப்பும் தேவைப்படும். அது இல்லாத பழைய அலுவலகக் கட்டடங்களில், அறையை 750 சதுர அடிக்குள் அடக்கிவிட வடிவமைப்பாளர்கள் முயல்வது இதனால்தான்.

மடக்குச் சுவர்கள்

வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு விதமாகப் பயன்படும் அறை, அந்தப் பயன்பாடுகள் அனைத்துக்குமான விதிகளையும் நிறைவு செய்ய வேண்டும். நடுவே மடக்குச் சுவர் கொண்ட இரு 600 சதுர அடி அறைகளில், மேசைகளுடன் தனித்தனியே 40 பேர் அமரலாம். இரண்டும் சிறிய அறைகளே. சுவரை மடக்கினால் அது 1,200 சதுர அடியில் 80 பேருக்குரிய ஒரே அறை. சுவர் ஆண்டில் ஒரு நாள் மட்டுமே மடக்கப்படுவதாக இருந்தாலும், கதவுகளை அந்த 80 பேருக்காகவே அமைக்க வேண்டும்.